குடல் வாளி

ரோசலின் வாளியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் அடியில் கத்திப்பிடியால் தட்டினாள். இரண்டு தட்டு சேர்ந்தாற்போல, சற்றுப் பொறுத்து ஒன்று. அந்தக் கரையில் எந்தப் பெண்ணும் குடல் வாளியை அப்படித்தான் தட்டுவாள். ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிச் சவ்வும் செதிலும் தண்ணீரில் விழுந்துவிடும். வாளியை நிமிர்த்தி, பிடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு அவள் திரும்பியபோது, பாறைக்கு அடியிலிருந்து அதே சத்தம் வந்தது. இரண்டு சேர்ந்தாற்போல. சற்றுப் பொறுத்து ஒன்று.

எதிரொலி என்று சொல்லிக்கொண்டாள். சட்டிக்குடா பெயருக்கேற்ற குடா. மூன்று பக்கமும் பாறை, வாயில் பவளத்திட்டு ஒரு விளிம்புபோலக் கிடக்கும். அங்கே இருமினால்கூடத் திரும்பிக் கேட்கும். ஆனால் இருமல் இருமியவுடனே திரும்பும். இந்தச் சத்தம் அவள் வாளியை நிமிர்த்தி, மாட்டி, பாசி படிந்த கல்லில் பார்த்துப் பார்த்து எட்டு வைக்கும்வரை பொறுத்திருந்தது. கேட்டு, மனசில் வைத்துக்கொண்டு, சொல்லிப் பார்த்ததுபோல வந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் குடா இருட்டிவிட்டது. மேலே மரங்களின் உச்சியில் மட்டும் சிவப்பு ஒட்டியிருந்தது, கீழே தண்ணீர் மைபோலக் கருத்து, அதன்மேல் அவள் கொட்டிய குடலின் எண்ணெய்ப் படலம் வட்டமாக விரிந்து விரிந்து போய்க்கொண்டிருந்தது. ஈர வாளியிலிருந்து சுறா இறைச்சிக்கே உரிய மூத்திர வாடை அடித்தது. எத்தனை தேய்த்தாலும் போகாத வாடை. அவள் சேலை முந்தானையிலும் தலைமுடியிலும் அதுதான் இருந்தது. வேறு ஒருத்தி தலைமுடியில் உப்புக்காற்று மணக்கிறது என்று அவள் புருஷன் சொல்லியிருந்தான்.

அந்த ஒரு சொல்தான் அவளைச் சட்டிக்குடாவுக்குக் கொண்டுவந்தது.

பாய்மரப் பலகை இறக்குகிற குடாவில் குடல் விழக்கூடாது. போர்ட் பிளேருக்குத் தெற்கே, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் குடியேறிய அந்தச் சின்னக் கரையில் அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மீன் அரிகிற பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு முனையைச் சுற்றி வெகுதூரம் நடந்து கழிவுப்பாறைக்குப் போவார்கள். அங்கே வத்தத்தில், கடல் இறங்கும்போது, நீரோட்டம் வெளிக்கடலைப் பார்த்து இழுக்கும். குடலோடு ரத்தமும், ரத்தத்தோடு அதைத் தேடி வருபவையும் அந்த வழியே போய்விடும். மழையானாலும் காய்ச்சலானாலும் கழிவுப்பாறைதான்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு சாயங்காலம், கழிவுப்பாறைக்குப் போகிற வழியில் சட்டிக்குடாவைத் தாண்டும்போது ரோசலினுக்கு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் கொழுந்தன் மிக்கேலின் பெண்டாட்டி சிசிலியா, பாய் கட்டிய ஒற்றைப் பலகையில் நின்றுகொண்டு தண்ணீரைக் கிழித்துப் போனாள். சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தாள். இரண்டு கையாலும் பாயின் மூங்கிலைப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து, காற்றோடு இழுபறி போட்டுக்கொண்டே சிரித்தாள். கரைப்பாறையில் குந்தியிருந்த பிரகாசம், ரோசலினின் புருஷன், தானும் சேர்ந்து சாய்ந்து சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வந்து நின்ற பெண்டாட்டியை அவன் பார்க்கவே இல்லை.

மறுநாள் அவர்கள் வீடு திரும்பிய பிறகு, ரோசலின் வாளியைச் சட்டிக்குடாவில் கொட்டினாள்.

சாகட்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. மாதா மேல் சத்தியம். பயப்படட்டும், அவ்வளவுதான். ஒரு சுறாத் துடுப்பு தண்ணீருக்கு மேலே தெரியட்டும். ஒரு அலறல் அலறட்டும். அதற்குப் பிறகு மற்ற பெண்களைப்போலச் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு அரிவாள்மணை முன்னால் வந்து உட்காரட்டும்.

கொட்டத் தொடங்கிய நாலாம் நாள், பாறைக்கு அடியிலிருந்து பதில் தட்டு கேட்ட அன்று, அவள் வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் அடுப்படியில் இருந்தார்கள். சிசிலியா ஈரத்தலையோடு அடுப்பு முன்னால் குந்தியிருந்தாள். நெருப்பு வெளிச்சம் அவள் கன்னத்து உப்பில் மினுங்கியது.

“அக்கா, வந்தாச்சா? இங்க என்னக்கா, ஒரு காப்பி குடிக்கதுக்குள்ள இருட்டிப்போவுது. நம்ம ஊர்லன்னா இன்னும் கோவில் மணிகூட அடிச்சிருக்காது.”

“உங்க ஊரு மெயின்லேண்டு. இது இப்படித்தான்” என்றாள் ரோசலின்.

“அக்கா, இன்னைக்கு ஒண்ணு பாத்தேன். பெரிய நெழலு. பலகைக்கு அடியிலேயே வருது. நான் திரும்புனா அதுவும் திரும்புது. நான் நின்னா நிக்கி.”

ரோசலினின் கை வாளிப்பிடியில் இறுகியது.

“திருக்கையா இருக்கும்” என்றான் பிரகாசம். காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

“திருக்கை இவ்வளவு நீளமா அத்தான்?”

“பின்ன சுறாவா? சட்டிக்குடாவுக்குச் சுறா எதுக்கு வரும்? திட்டத் தாண்டி உள்ள வந்து கெடக்கதுக்கு அதுக்கு யாரும் கூலியா குடுக்காங்க?”

“அப்ப என்னதாம் அது?”

“உன்மேல ஆசப்பட்டு வந்த மாப்பிளயா இருக்கும். மிக்கேல் கப்பல்ல இருந்து வரட்டும், சொல்லிருதேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரோசலின் வாளியை மூலையில் வைத்தாள். பிரகாசத்தின் தம்பி மிக்கேல் கட்சால் தீவுக்குப் போகிற கப்பலில் கலாசி. போனால் திரும்ப வாரக்கணக்கு ஆகும். மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கிய புதுப்பெண்டாட்டியை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, “மதினி, பாத்துக்கிடுங்க” என்று சொல்லிப் போனான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்தப் பலகையைப் பிரகாசம்தான் இழைத்தான், இங்கே வந்த புதிதில், படாக் மரத்தில். இழைக்கும்போது வாச்சி நழுவி இடதுகைச் சுண்டுவிரலில் ஒரு கணு போயிற்று. ரேஷன் மாவுச் சாக்குகளைப் பிரித்து, நல்லெண்ணெய் விளக்கடியில் ராவெல்லாம் உட்கார்ந்து பாயைத் தைத்தவள் ரோசலின். முதல் ஓட்டத்துக்கு அவளைத்தான் ஏற்றினான். அவளை முன்னால் நிறுத்தி, பின்னால் தான் நின்று, மூங்கிலில் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டான். கரை நழுவியதும் அவள் கீழே பார்த்தாள். பச்சைத் தண்ணீர், அதற்குக் கீழே அடர்பச்சை, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. தினமும் அவள் அரிகிற தலைகள் எல்லாம் அந்த ஒன்றுமில்லாததிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு வருவதுபோல இருந்தது. அழுதாள். கரைக்கு விடச் சொல்லிக் கெஞ்சினாள். அவன் விட்டான். சிரித்துக்கொண்டே, “பயந்தாங்கொள்ளி” என்று முதுகில் தட்டினான். அதற்குப் பிறகு கூப்பிட்டதே இல்லை. ஒருதரம் கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள்.

மறுநாளும் கொட்டினாள். அதற்கு மறுநாளும்.

பதில் தட்டு தினமும் வந்தது. சில நாள் அவள் தட்டுவதற்கு முன்னாலேயே வந்தது. பாறைக்கு அடியில் இருட்டுக்குள் ஏதோ ஒன்று, பசித்த வீட்டு மிருகம்போலப் பொறுமையாக, அவள் காலடிச் சத்தத்தை அறிந்துவைத்திருந்தது. ஒரு நாள் கொட்டிவிட்டுக் குனிந்து பார்த்தாள். எண்ணெய்ப் படலத்துக்குக் கீழே வெளுத்த வயிறு ஒன்று புரண்டது. புரண்டுகொண்டே இருந்தது. அவள் பார்வை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேரவே இல்லை.

கருவாடு காயப்போடும் இடத்தில் பக்கத்து வீட்டு நீலாவதி நின்றாள், வாய் பொறுக்காதவள். போர்ட் பிளேர் ஷாதிபூரில் பிறந்து வளர்ந்ததால் பேச்சில் பாதி இந்தி; புருஷனை ஆத்மி என்பாள், வேலையை நவுக்கிரி என்பாள்.

“ஏ ரோசலினு, உன் ஆத்மிக்கு இப்பம் சட்டிக்குடாவுலதான் நவுக்கிரி போல. சாயங்காலம் ஆனா அங்கதான் ஹாஜர்.”

“தம்பி பொண்டாட்டிக்குப் பாய் பழக்குதாரு.”

“அச்சா. பழக்கட்டும். ஊரு பூரா பாக்குது, பொம்பள பாய் ஏறுதான்னு. தமாசாத்தான் இருக்கு.” நீலாவதி ஒரு சுறாத் துண்டைத் திருப்பிப்போட்டாள். “அவ சின்னப்புள்ளட்டி, வெளையாட்டுப் புத்தி. ஆனா உன் ஆத்மி சின்னப்புள்ள இல்லல்லா?”

ரோசலின் குனிந்துகொண்டாள். துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி ஈக்களை ஓட்டினாள். இரண்டு தட்டு. சற்றுப் பொறுத்து ஒன்று. கை தானாகவே அப்படித் தட்டுகிறது என்று வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தாள்.

டிசம்பர் மாதாத் திருநாளுக்கு வருஷாவருஷம் பாய்ப்போட்டி உண்டு. அந்த வருஷம் எந்தக் குடாவில் வைப்பது என்று பேச, கோவில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெயமணி வந்தார். அவர் ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர், தொண்டை எப்போதும் கரகரவென்றிருக்கும். வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். ரோசலின் உள்ளே அரிவாள்மணையில் இருந்தாள். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“ஜெட்டிப் பக்கம் வைக்கலாம்னா கப்பல்காரன் கொட்டுத கழிசடைக்கு அங்க சுறா எந்நேரமும் சுத்துது” என்றார் ஜெயமணி.

“ஓடை வாயில?”

“வாடைக்காத்துக்கு நல்ல இடந்தான். ஆனா போன மாசம் அங்க ஒரு முதலை ஆட்டக் கொண்டுபோச்சு. ஃபாதர் ஒத்துக்கிட மாட்டாரு.”

“அப்ப சட்டிக்குடா” என்றான் பிரகாசம். “வாடைக்காத்து நேரா வாய்க்குள்ள வருது, திட்டு இருக்கதால அலை கெடையாது, அடி மணல் தெரியும். சுறா வராது. வந்தாலும் என்னத்தத் திங்கும்? அங்க யாரும் ஒரு செதில்கூடப் போட்டது கெடையாது.”

“அது உண்மதான். நம்ம பொம்பளைக அதுல சுத்தம்” என்றார் ஜெயமணி. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “என்ன ரோசலினு, நான் சொல்லுதது?”

மணையின் அலகில் ஒரு சுறாக்குட்டியின் வயிறு பாதி பிளந்திருந்தது. அதன் கண் அவளையே பார்த்தது. சொல்லலாம். இந்த நிமிஷம் எழுந்து போய், அங்கே வேண்டாம், அங்கே ஒன்று கிடக்கிறது, நான்தான் ஊட்டினேன் என்று சொல்லிவிடலாம். ஏன் ஊட்டினாய் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்கு அவள் பதில் சொல்லும்போது சிசிலியா அங்கே ஈரத்தலையோடு நிற்பாள். பிரகாசம் அவள் முகத்தைப் பார்ப்பான், பிறகு இவள் முகத்தைப் பார்ப்பான்.

“ஆமா மாமா” என்றாள். “சுத்தந்தான்.”

“அப்ப முடிஞ்சுது. உங்க வீட்ல யாரு ஏறுதா? மிக்கேல் இல்லையே.”

“சிசிலி ஏறுவா” என்றான் பிரகாசம்.

ஜெயமணி பீடியை வாயிலிருந்து எடுத்தார். “பொம்பளப் புள்ளயா? ஃபாதர் என்ன சொல்லுவாரோ.”

“அவள மாதிரி இந்தக் கரையில ஒரு ஆம்பள நிக்கட்டும், பாப்போம்.”

அன்றோடு ரோசலின் நிறுத்தினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு, சட்டிக்குடாப் பக்கம் முகத்தைத் திருப்பாமல், முனையைச் சுற்றிக் கழிவுப்பாறைக்கே போனாள். கொட்டாவிட்டால் போய்விடும், பசித்தால் வேறு இடம் பார்க்கும் என்று எண்ணினாள். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது.

பௌர்ணமி நெருங்க நெருங்க ஏத்தம், கடல் ஏறி வருவது, பெரிதாகிக்கொண்டே வந்தது. கரையில் எல்லா வீடுகளும் கட்டைக்கால்மேல் நிற்பவை. பெரிய ஏத்தத்தில் கடல் வீட்டுக்கு அடியிலேயே வந்துவிடும். பலகைத் தரையின் இடுக்குகளில் தண்ணீரின் மூச்சு கேட்கும். குளிர்ந்த, சேறும் சிப்பியும் கலந்த வாடை ஒன்று படுக்கைப் பாய்க்குக் கீழிருந்து ஏறும். அடுப்படியில் கழுவின தண்ணீரை ஊற்ற ஒரு பலகை ஆணி அடிக்காமல் கிடக்கும். அதைத் தூக்கினால் கீழே கடல்.

விளக்கு ஏற்றுகிற நேரம். ரோசலின் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள், சிசிலியா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

தரைக்கு அடியில் தட்டியது.

இரண்டு சேர்ந்தாற்போல. சற்றுப் பொறுத்து ஒன்று.

அம்மிக்குழவி நின்றது.

“அக்கா, கீழ யாரோ தட்டுதாங்க” என்றாள் சிசிலியா.

“கட்ட ஏதாவது மிதந்து வந்திருக்கும்.”

மறுபடியும் தட்டியது. அடுப்படிக்கு நேர்கீழே. ஆணி அடிக்காத அந்தப் பலகை லேசாக எழும்பி அமர்ந்தது.

“கட்டையா? தாளம் போடுதே அக்கா.” சிசிலியாவின் முகம் மலர்ந்தது. பலகைமேல் ஏறி நின்று குதிகாலால் தட்டினாள். டொக் டொக். டொக்.

கீழே அமைதி. தண்ணீர்கூட மூச்சைப் பிடித்ததுபோல இருந்தது.

பிறகு பதில் வந்தது.

“பாத்தியாக்கா. பேசுது.”

“கால எடு.” ரோசலினின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “கால எடுட்டி அங்கேருந்து.”

சிசிலியா சிரித்துக்கொண்டே இறங்கினாள். ரோசலின் அம்மிக்கல்லை இழுத்துவந்து பலகைமேல் வைத்தாள். ராத்திரி முழுக்க, புருஷனின் குறட்டைக்கும் கடலின் சலசலப்புக்கும் நடுவே, அம்மிக்கல் பலகைமேல் மெல்ல மெல்ல நகர்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். சட்டிக்குடாவில் ஊட்டியவளை அது வீடு தேடி வந்துவிட்டது. வந்தது பரவாயில்லை. அந்தக் குதிகாலுக்கும் பதில் சொல்லிவிட்டதே என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தன் சத்தத்தையும் சிசிலியா எடுத்துக்கொண்டாள். அதுவும் அவளுக்குப் பதில் சொல்லுகிறது.

திருநாளுக்கு முந்தின நாள். ஊர்ச்சாப்பாட்டுக்கு அரிந்த மீனில் வாளி வாய்வரை நிறைந்திருந்தது. சிசிலியா முந்தின ராத்திரி வைத்த மருதாணியைச் சுரண்டிக் கழுவிவிட்டு வந்தாள். பத்து நகமும் செக்கச்செவேல் என்றிருந்தன.

“நீங்களும் வெச்சிருக்கலாம்லக்கா. நான் கூப்பிட்டேன்.”

“சுறா அரியுத கைக்கு மருதாணி ஒண்ணுதான் கொறச்சல்.”

பிரகாசம் பாயைச் சுருட்டித் தோளில் போட்டான். “ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டு வந்துருதோம்.”

“ரெண்டு பேருமா?” என்றாள் ரோசலின்.

“காத்து பலமா இருக்குல்லா. அவ ஒருத்தி எடைக்குப் பலகை நிக்காது. பின்னால ஆள் வேணும்.”

“வேண்டாங்க.”

அவன் நின்றான். “ஏன்?”

வெளியே தென்னை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்துகொண்டிருந்தன. 

“அங்க சுறா கெடக்கு.”

“யாரு பாத்தா?”

“நான் பாத்தேன்.”

“நீயா? நீ எப்பம் சட்டிக்குடாவுல எறங்குன? நீ வாளி கொண்டுபோறது கழிவுப்பாறைக்கில்ல?”

அவள் வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.  சிசிலியா வாசலில் நின்று, சேலையைத் தார்பாய்ச்சிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா சொல்லுதாங்கன்னா வேண்டாமே அத்தான்” என்றாள் மெதுவாக.

அந்த இரக்கத்தை ரோசலினால் தாங்க முடியவில்லை. “போங்க” என்றாள். “போயிட்டு வாங்க.”

பிரகாசம் கிட்ட வந்தான். கோபமில்லை, களைத்த குரல். “உன் சுறா கடல்ல இல்ல ரோசலினு.”

போனார்கள்.

அவர்களின் பேச்சுச் சத்தம் தேய்ந்தது. வாளியைத் தூக்கினாள். கழிவுப்பாறைக்கு ஓடினால், அங்கே கொட்டித் தட்டினால், அது வரும். வரத்தான் செய்யும். அவள் தட்டினால் அது எங்கிருந்தாலும் வரும், அவள்தானே பழக்கினாள். குடாவைவிட்டு வெளியே வந்து முனையைச் சுற்றி அவளிடம் வரும். அவர்கள் ஓட்டிவிட்டுத் திரும்பும்வரை ஊட்டிக்கொண்டே இருக்கலாம். நாளைக்கும் ஊட்டலாம். யாருக்கும் தெரியவேண்டாம்.

ஓடினாள். குடல் தளும்பிக் காலில் வழிந்தது. முள் கிழித்தது. கழிவுப்பாறையில் ஏறி நின்றபோது சூரியன் மலைக்குப் பின்னால் பாதி இறங்கியிருந்தது. கடல் செம்பும் கருப்புமாகக் கிடந்தது. முனைக்கு அந்தப் பக்கம் சட்டிக்குடாவின் வாய் நன்றாகத் தெரிந்தது. வாளியை முழுக்கக் கவிழ்த்தாள். கத்தியைத் திருப்பிப் பிடித்தாள்.

அப்போது பாய் வெளியே வந்தது.

அவள் தைத்த பாய். காற்று அதை ஒரு வயிறுபோல ஊதியிருந்தது. பலகையில் இரண்டு பேர். அவள் முன்னால். அவன் பின்னால். மூங்கிலில் அவள் கைமேல் அவன் கை. இரண்டு உடம்பும் ஒன்றாகச் சாய்ந்தன, ஒன்றாக நிமிர்ந்தன. காற்று அவர்களின் சிரிப்பைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பாறைமேல் போட்டது.

கத்திப்பிடி வாளிக்கு மேலே நின்றது.

தட்ட வேண்டும். தட்டத்தான் வந்தாள். இதோ. ஒரு மூச்சு. இந்த ஒரு மூச்சு மட்டும் பார்த்துவிட்டு. அவன் தாடை அவள் தலைமேல் படுகிறதா. படுகிறதா இல்லையா. இன்னும் ஒரு மூச்சு.

பாய் படுத்தது.

அலறல் இல்லை. தெறிப்பு இல்லை. நின்றுகொண்டிருந்த பாய், களைத்த ஒருவர் படுப்பதுபோலப் பக்கவாட்டில் படுத்தது. பிறகு தண்ணீர்மேல் ஒன்றும் இல்லை.

அப்போது தட்டினாள். தட்டினாள். தட்டினாள். வாளியின் அடி நசுங்கி, பிடி பிளந்து, கை மரத்துப்போகும்வரை தட்டினாள். அவள் கொட்டிய குடல் பாறையோரம் தொடுவாரின்றி மிதந்தது.

பதில் வரவில்லை.

எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவர்களும் வீட்டுக்கு வந்திருப்பார்கள். நீந்தத் தெரிந்தவர்கள். அவளுக்கு முன்னாலேயே வந்து, அடுப்பு முன்னால் குந்தி, காப்பி கேட்பார்கள். கோவிலில் மாதா பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காற்றில் வந்து வந்து போயிற்று. ஊரே அங்கே இருந்தது. கரை வீடுகளில் விளக்கில்லை.

அடுப்பு அணைந்து கிடந்தது.

“ஏங்க” என்றாள்.

அரிக்கேன் விளக்கை ஏற்றினாள். மூலையில் சிசிலியாவின் மாற்றுச்சேலை, மடித்தபடி. ஆணியில் பிரகாசத்தின் சட்டை. ஏத்தம் வந்துவிட்டிருந்தது. பலகை இடுக்குகளில் நிலா வெளிச்சம் அசைந்தது. அதனோடு ஒரு வாடை ஏறியது. சேறில்லை, சிப்பியில்லை. சுறா வாடை. அவள் கையிலிருந்தா, கீழிருந்தா?

தரைக்கு அடியில் தட்டியது.

மெதுவாக. மரியாதையாக.

இரண்டு சேர்ந்தாற்போல. சற்றுப் பொறுத்து ஒன்று.

ஆனால் சத்தம் வேறு. இத்தனை நாள் கேட்டது கனத்த சத்தம், மரத்தில் மரம் மோதுவதுபோல. இது சின்னச் சத்தம். பழகின சத்தம். கதவில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

“ஏங்க?” அவள் மண்டியிட்டாள். “நீங்களா? கீழயா இருக்கீங்க?”

டொக் டொக். டொக்.

அம்மிக்கல்லைத் தள்ளினாள். பலகையைப் பெயர்த்தாள். விளக்கை இடுக்கில் இறக்கினாள்.

கறுத்த தண்ணீரிலிருந்து ஒரு கை செங்குத்தாக எழுந்து நின்றது. தட்டுவதற்கு மடங்கிய முட்டிகள். சுண்டுவிரலில் ஒரு கணு இல்லை. அவன் கை. அவள் அழத் தொடங்கினாள். குனிந்து, எட்டிப் பிடிக்கப் போனாள்.

கைக்குக் கீழே தோள் இல்லை. மணிக்கட்டைச் சுற்றி வரிசை வரிசையாக வெள்ளைப் பற்கள், ஒரு பூவைப் பிடிப்பதுபோலக் கசக்காமல் பிடித்திருந்தன. பற்களுக்குப் பின்னால் வாய். வாய்க்குப் பின்னால் வீட்டின் அகலத்துக்கு ஏதோ ஒன்று, நான்கு கட்டைக்கால்களுக்கும் நடுவே அசையாமல் கிடந்தது. இமைக்காத கண் ஒன்று விளக்கைப் பார்த்தது. அது கையைத் தூக்கிப் பக்கத்துப் பலகையில் தட்டியது. இரண்டு. ஒன்று. காத்திருந்தது. பசியோடு, நம்பிக்கையோடு.

ரோசலின் அதைப் பார்க்கவில்லை.

அவள் விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். அந்த மடங்கிய விரல்களுக்கு நடுவே வேறு விரல்கள் இருந்தன. மெல்லிய விரல்கள். செக்கச்செவேல் என்ற நகங்கள். ஒன்றுக்குள் ஒன்று கோத்து, இறுகப் பின்னி, கடலாலும் பல்லாலும் பிரிக்க முடியாதபடி.

எப்போது பிடித்தார்கள்? விழுந்த பிறகா? விழுவதற்கு முன்னாலேயா?

கோவில் பாட்டு நின்றது. கீழே அது பொறுமையாக வாயை இன்னும் கொஞ்சம் திறந்து, கைகளை அவள் பக்கம் நீட்டியது.

ரோசலின் விளக்கைத் தரையில் வைத்தாள். வயிற்றோடு பலகைமேல் படுத்தாள். இரண்டு கையையும் தோள்வரை இடுக்குக்குள் இறக்கி, அந்தச் சிவந்த நகங்களை ஒவ்வொன்றாக அவன் விரலிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.